மூன்று விரல் உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும்



வெயில் ஏறினால் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் நிச்சயம். கரண்ட் பில் எகிறும். வீட்டில் யாராவது ஒருவருக்கு வயிறு கெடும்.

முதல் அரை நாள் கைவைத்தியத்தில் போகும். மோரில் வெந்தயம், மாதுளம் பிஞ்சு, ஓமத் தண்ணீர். மதியத்துக்கு மேல் ஆள் வாடிப் படுத்தால், “ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிட்டு வா” என்று மெடிக்கல் ஷாப்புக்கு ஒருவரை விரட்டுவோம். இருபது ரூபாய்ச் சொச்சம். அதை ஒரு மருந்து என்றே யாரும் மதிப்பதில்லை. பில்கூட வாங்குவதில்லை.

இந்தப் பாக்கெட்டை நமக்குக் கொடுத்தது யார்?

மின்விளக்கு என்றால் ஒரு பெயர் சொல்வோம். விமானம் என்றால் இரண்டு பெயர் சொல்வோம். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று மதிப்பிடப்படுகிற இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீருக்கு? ஒரு பெயரும் நாக்கில் வராது.

வராததில் தப்பில்லை. ஏனென்றால் இது ஒருவர் செய்த வேலையே இல்லை. குடலின் செல்களை ஆராய்ந்தவர்கள், காலரா வார்டு டாக்டர்கள், ஆயில் கம்பெனி வேலையை விட்டுவந்த ஒரு கணக்காளர், மானிடவியலாளர்கள், வீடு வீடாக நடந்த கிராமத்துப் பெண்கள் என்று பல தரப்பட்டவர்கள் இதில் இருந்தார்கள். பாதிப் பேர் ஆய்வகத்துக்குள் கால் வைத்ததே கிடையாது. அந்தப் பாதிப் பேரைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் அதிகம் பேச ஆசை. ஆனால் முதல் பாதியைச் சொல்லாமல் அவர்களிடம் போக முடியாது.

காலரா எப்படிக் கொல்கிறது? கிருமி உடம்பைத் தின்று கொல்வதில்லை. குடல் வழியாகத் தண்ணீரையும் உப்பையும் இறைத்து வெளியே தள்ளிவிடுகிறது. நல்ல திடகாத்திரமான ஆள்கூடச் சில மணி நேரத்தில் சுருண்டுவிடுவார். போன தண்ணீரைத் திருப்பி ஊற்றினால் பிழைத்துக்கொள்வார் என்பது 1832-லேயே தெரியும். ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார்.

அப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல் அதே வழிதான். நரம்பில் ஏற்ற வேண்டும். அதற்குச் சுத்தமான பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், பழகிய கை வேண்டும். வங்காளத்தின் ஆற்றங்கரைக் கிராமத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது?

வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் உப்புத் தண்ணீர் குடலில் நிற்காமல் ஓடியது. அதனால் வயிற்றுப்போக்கின்போது குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய டாக்டர்கள் பலரின் எண்ணம். நம் பெரியவர்கள் ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பட்டினி போட்டதும் இதே கணக்குத்தான்.

1953-இல் கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுத்துப் பிழைக்க வைத்ததை ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நோயாளிக் குழு இல்லை, ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே கட்டுரை லண்டனிலிருந்து போயிருந்தால் இவ்வளவு அமைதியாகக் கிடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அந்த ‘ஏன்’ 1960-இல் கிடைத்தது. பிராக் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன என்று விளக்கினார். கல்யாண மண்டபத்து வாசலில் தனியாக வந்து தயங்கி நிற்பவரை, மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கைபிடித்து உள்ளே கூட்டிப்போவார் இல்லையா, குளுக்கோஸ் சோடியத்துக்குச் செய்வது அதுதான். சோடியம் உள்ளே போனால் தண்ணீர் தானே பின்தொடரும். காலரா கிருமி எத்தனை ஆட்டம் போட்டாலும் இந்த வழியை மட்டும் அதனால் அடைக்க முடிவதில்லை.

கிரேனுக்குக் காலராவைப் பற்றி யோசனை இல்லை. அவர் சர்க்கரையை ஆராய்ந்தவர். அவருடைய விடையையும் காலரா வார்டின் கேள்வியையும் யாராவது ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த டாக்காவில் ஒரு காலரா ஆய்வுக்கூடம் இயங்கியது. 1968-இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், இருவருக்கும் இருபதுகளில்தான் வயது, ரஃபீகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகிய உள்ளூர் டாக்டர்களோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே வாளி. வாளியில் எவ்வளவு சேர்கிறதோ, அதே அளவு உப்பு-குளுக்கோஸ் தண்ணீரை நோயாளி குடிக்க வேண்டும். ராத்திரி முழுக்க அளப்பதும் எழுதுவதும் ஊட்டுவதும்தான் வேலை. முடிவில், நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் இது சரி. வெளியே?

1971-இல் வங்கதேச விடுதலைப் போர். சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் எல்லை ஊரான பன்காவ் ஆஸ்பத்திரியில் காலரா. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அங்கே போனபோது கட்டில்கள் நிரம்பித் தரையெல்லாம் நோயாளிகள். மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது என்று பிற்பாடு அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

அவர் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ் 22 கிராம், உப்பு மூன்றரை கிராம், சோடா உப்பு இரண்டரை கிராம் என்று எடை போட்டுப் பொட்டலங்கள் தயாரானது கல்கத்தாவில். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இந்த அளவு என்ற கணக்கில் பன்காவில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். குவளையில் பிடித்து நோயாளிக்குக் கொடுத்தது யார்? கூட இருந்த அம்மா, அக்கா, மாமா. சாவு விகிதம் 30 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

இதில் ஒரு சின்ன சாமர்த்தியமும் உண்டு. வெறும் உப்பு-சர்க்கரைத் தண்ணீர் என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று, ‘வாய் வழி சலைன்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கு இது புரியாதா என்ன? “ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் போட்டாத்தான் தெம்பு வரும்” என்று அடம்பிடிக்கும் பெரியவர் இல்லாத வீடு ஏது? ஊசி போடாத டாக்டருக்கு நம் ஊரில் என்ன மரியாதை?

1978-இல் ‘லான்செட்’ ஒரு தலையங்கம் எழுதியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்றது. 1953-இல் சட்டர்ஜியின் கட்டுரை வந்த அதே இதழ்தான்.

இத்தோடு கதை முடிந்ததாகத்தான் நான் படித்த புத்தகங்கள் பல சொல்கின்றன. எனக்கு அதில் சம்மதம் இல்லை. மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, செலவும் பைசாக் கணக்கு, ஆனால் அந்த நேரத்தில் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேல் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான தாய்மார்களின் சமையலறைக்குள் அந்தக் கண்டுபிடிப்பு நுழையவில்லை. அப்படியானால் ஆராய்ச்சி முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் அந்தக் கணக்காளர் வருகிறார். ஃபஸ்லே ஹசன் ஆபெத். ஷெல் ஆயில் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். புயலும் போரும் சிதைத்த தன் நாட்டைப் பார்த்து வேலையை விட்டார், லண்டனில் இருந்த ஃப்ளாட்டை விற்றார், 1972-இல் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-இல் அந்த நிறுவனம் ஒரு வேலையைக் கையில் எடுத்தது. வங்கதேசத்தின் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் போய், ஒவ்வொரு தாய்க்கும் இந்தத் தண்ணீரைக் கலக்கக் கற்றுக்கொடுப்பது.

எல்லா வீட்டுக்கும் பாக்கெட் கொடுக்க வழியில்லை. குளுக்கோஸுக்குப் பதில் வெல்லம். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கேட்க எளிது. ஆனால் உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. விரல் ஆளுக்கு ஆள் மாறும், சொம்பு வீட்டுக்கு வீடு மாறும். அதனால் சொல்லிவிட்டு வருவது போதாது. தாய் தன் கையால், தன் பாத்திரத்தில் கலந்து காட்ட வேண்டும். அரை சேர் எதுவரை என்று அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள்.

போனது யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர்கள் இல்லை, நர்ஸுகளும் இல்லை. ஓரளவு படித்த கிராமத்துப் பெண்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு, கூடவே ஒரு சமையல்காரர், ஒரு மேற்பார்வையாளர். ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் தங்கி, நடந்தே வீடு வீடாகப் போய், முடிந்ததும் அடுத்த கிராமம். பெண்கள் தனியாக வெளியே போவதே பேச்சாகும் ஊர்களில், 1980-இல், இதைச் செய்தார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீடு போனாய் என்று பிராக் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர், பொறுக்கியெடுத்த சில வீடுகளுக்குப் போவார். சொல்லிக்கொடுத்த பத்து விஷயங்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறது, கலந்து காட்டும் தண்ணீர் சரியா என்று பார்ப்பார். மாதிரி எடுத்து லேபில் உப்பின் அளவைச் சோதிப்பார்கள். தாய்க்கு நன்றாகத் தெரிந்திருந்தால் கற்றுக்கொடுத்தவருக்கு முழுப் பணம். அரைகுறை என்றால் குறைவு. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றுமில்லை. நம் டியூஷன் சென்டர்களில் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

தாய்மார்கள் அருமையாகக் கற்றுக்கொண்டார்கள். பத்தையும் கடகடவென்று சொன்னார்கள். தண்ணீரின் அளவும் சரி.

ஆனால் குழந்தைக்கு வயிறு போகும்போது அதைக் கொடுத்தார்களா? பத்தில் ஒரு தாய்கூடக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பல திட்டங்கள் படுத்துவிடும். ‘படிக்காத ஜனங்கள், என்ன சொன்னாலும் கேட்க மாட்டார்கள்’ என்று ரிப்போர்ட் எழுதி மூடிவிடலாம். பிராக் அப்படிச் செய்யவில்லை. மானிடவியலாளர்களை அனுப்பி, ஏன் கொடுக்கவில்லை என்று போய் உட்கார்ந்து கேட்கச் சொன்னது.

கேட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்தத் தாய்மார்களின் கணக்கில் வயிற்றுப்போக்கு நாலு வகை. தாய்ப்பால் சேராமல் போவது ஒன்று. செரிக்காமல் போவது ஒன்று. சீதபேதி ஒன்று. தண்ணீராகக் கொட்டும் காலரா போன்றது ஒன்று. கடைசி வகைக்கு மட்டும்தான் இந்தத் தண்ணீர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்ற மூன்றுக்கும் அவரவர் வீட்டு வைத்தியம். அவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. பாடம் எடுத்தவர்கள் மருத்துவப் புத்தகத்தின் வயிற்றுப்போக்கைச் சொன்னார்கள், கேட்டவர்கள் தங்கள் வீட்டு வயிற்றுப்போக்கை நினைத்தார்கள். நம் வீட்டிலும் ‘பல் முளைக்குது, அதான் போகுது’, ‘தோஷம் பட்டிருக்கு’ என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அது மாதிரிதான்.

அடுத்தது இன்னும் சங்கடமானது. கற்றுக்கொடுக்கப் போன பெண்களுக்கே இதில் நம்பிக்கை இல்லை! தங்களுக்கு வயிறு போனால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நம்பாதவர் சொல்லும் பேச்சு எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் போகுமா? அவர்களை டாக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், துவண்டு வந்த நோயாளி இந்தத் தண்ணீரைக் குடித்துத் தேறுவதை நேரில் பார்க்க வைத்தார்கள். அதற்கப்புறம் கிராமத்தில், கலந்த தண்ணீரைத் தாங்களே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் பேசினார்கள்.

மூன்றாவது, ஆண்கள். வீட்டுப் பெண்களிடம் யாரோ வந்து என்னமோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், நம்மிடம் ஒரு வார்த்தை இல்லையே என்று அவர்களுக்கு முறுக்கு. ஆகவே சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடம் தனியாகப் பேசினார்கள். ரேடியோவில் சொன்னார்கள். பயன்பாடு மெல்ல ஏறியது.

பத்து வருஷம். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இன்று வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பதில் உலகத்திலேயே முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் ஒன்று வங்கதேசம். நம் நாட்டில், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்குத்தான் அது கிடைத்தது.

குடல் செல்லுக்குள் நடப்பதைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி என்றால், ஒரு தாயின் மனசுக்குள் நடப்பதைப் பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடித்ததும் ஆராய்ச்சிதான். முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்கு வேலையில்லை; இரண்டாவது இல்லாமல் முதலாவது புத்தகத்திலேயே இருந்திருக்கும். நோபல் பரிசு இவர்களில் யாருக்கும் வரவில்லை. மஹலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது, 2023-இல், அவர் காலமான பிறகு. வீடு வீடாக நடந்த அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எப்படிக் கலக்குகிறீர்கள்? ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டு, மீதியை மடித்து அலமாரியில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த அளவில்தான் மருந்தே இருக்கிறது. குறைந்தால் பலனில்லை, கூடினால் கெடுதல். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. டாக்கா விஞ்ஞானிகளே பிற்பாடு அரிசி மாவை வைத்து ஓ.ஆர்.எஸ். செய்து சோதித்திருக்கிறார்கள்.

குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டால், கண் உள்வாங்கினால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

கடையில் அழகான டப்பாவில் கிடைத்த, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பேர் போட்ட இனிப்புப் பானங்களை நம்மில் பலர் வாங்கியிருக்கிறோம். சர்க்கரை அதிகமானால் வயிற்றுப்போக்கு கூடத்தான் செய்யும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இருந்தாலும் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்ஸோடு ஜிங்க் மாத்திரையும் கொடுப்பார்கள். பத்திலிருந்து பதினாலு நாள் போட வேண்டும். மூன்றாம் நாள் வயிறு சரியானதும் நாம் நிறுத்திவிடுவோம். கிராம சுகாதார செவிலியர் வந்து கேட்டால் என்ன சொல்கிறோம்? “எல்லாம் குடுத்துட்டோம் சிஸ்டர்.” கணக்கெடுக்க யாராவது கதவைத் தட்டினால், “வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல.”

வங்கதேசத்துத் தாய்மார்களும் இப்படியே ‘கொடுத்தோம்’ என்று சொல்லியிருந்தால், அங்கே ஒரு தப்பும் திருத்தப்பட்டிருக்காது. கொடுக்கவில்லை என்று அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். அதனால்தான் அந்தத் திட்டம் பிழைத்தது. ஆகவே அடுத்த தடவை சிஸ்டர் வந்தால் உட்காரச் சொல்லி ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். மாத்திரை போடவில்லை என்றால் போடவில்லை என்றே சொல்லுங்கள். ஏன் போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்